எம்.எஸ்ஸி. பட்டமும் வான்காந்தமும்

ஒருவருடைய பெயருக்குப் பின்னால் 'எம்.எஸ்ஸி.' என்னும் எழுத்துக்களைக் கண்டதும், வாசகர்களே, நாம் நம்மை அறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறோம். இவர் ஒரு செய்தியைச் சொன்னால், "அது உமக்கு எப்படித் தெரியும்?" என்று நாம் கேட்கலாம், கேட்டால் இவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அளந்த விதத்தையும், அளவில் நேரக்கூடிய பிழையையும் சொல்லுவார் என்று நம்புகிறோம். தாவரவியலானாலும் சரி, இரசாயனமானாலும் சரி, விஞ்ஞான முதுகலைப் பட்டத்தின் உள்ளுறை இவ்வளவுதான். ஆன்மிகம், உளவியல், ஆளுமை வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் விஞ்ஞானப் பட்டம் வழங்கும்போது இந்த உள்ளுறை நிலைத்து நிற்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இது வெறும் வாதத்துக்கான வினா அன்று. போடிநாயக்கனூரில் இளங்கலை முடிக்கும் மாணவர்களில் பலருடைய பெற்றோர், விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் வேளையில் திரும்புகிறவர்கள். காய் எடுத்த கூலியில் மிச்சம் பிடித்த பணம்தான் மேற்படிப்புக் கட்டணமாகிறது. "சார், யோகாவில் எம்.எஸ்ஸி. படிக்கலாமா? மனநல ஆலோசகராக வேலை பார்க்கலாம் என்கிறார்களே" என்று இவர்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், 'படி' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்ப்போம்.

ஆன்மிக அனுபவத்தைக் கல்வித்துறைப் பொருளாக்குவது புதுமையன்று. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902-இல் நூலாக வந்தன. சமய அனுபவங்களின் வகைகளைப் பற்றிய அந்நூல் இன்றும் படிக்கப்படுகிறது. 1975-இல் கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு முதுநிலைக் கல்வி நிலையம் தோன்றியது. நம் நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் தனித் துறைகள் உண்டு. அங்கே மாணவர் நூல்களைக் கற்கிறார்; உரைகளை ஒப்பிடுகிறார்; வரலாற்றை ஆராய்கிறார்; கலைப்பட்டம் பெறுகிறார். இதில் விஞ்ஞானத்துக்கு யாதொரு வழக்கும் இல்லை. 'பதி, பசு, பாசம்' என்பதை அளந்து காட்டு என்று எந்த இயற்பியலாரும் கேட்கப் போவதில்லை. ஏனெனில் அளந்துவிட்டோம் என்று அத்துறை சொல்வதில்லை.

வழக்கு தொடங்கும் இடம் வேறு. அதற்கு நம் தமிழகத்திலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது.

பொள்ளாச்சிக்கருகே ஆழியாற்றில் உள்ள அறிவுத் திருக்கோயிலைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை நிறுவியவர் வேதாத்திரி மகரிஷி (1911-2006). கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தாமாகவே கற்று, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். அவர் வகுத்த மனவளக்கலை, எளிய உடற்பயிற்சி, தவம், காயகல்பம், அகத்தாய்வு என்னும் உறுப்புக்களைக் கொண்டது. இச்சங்கத்தின் மையமும் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகமும் இணைந்து, மனித மாண்புக்கான யோகக்கலை என்னும் தலைப்பில் பட்டயம் முதல் முதுகலை வரை படிப்புக்களை ஏற்படுத்தின. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எத்தனையோ இல்லத்தரசிகளும், ஆலைத் தொழிலாளரும், ஓய்வு பெற்றவர்களும் இதன் வழியாகப் பல்கலைக்கழகப் பாடத்தைத் தொட்டார்கள். இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஒரு நெசவாளர் உருவாக்கிய தமிழ்ப் பாடம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது என்பதே எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் பாடத்தின் அடித்தளமாக அமைந்த மகரிஷியின் தத்துவத்தைப் பாருங்கள். சுத்தவெளியே இறைநிலை. அது தன் இறுக்கத்தால் நுண்துகள்களாகிச் சுழல்கிறது. சுழலும் துகள்களின் விலக்கும் அலை, வெளியோடு கலந்து வான்காந்தம் ஆகிறது. உடலில் அதுவே சீவகாந்தம். சீவகாந்தமே அழுத்தம், ஒலி, ஒளி, சுவை, மணம் எனவும் இறுதியில் மனம் எனவும் தன்மாற்றம் பெறுகிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான் கொள்கை.

தத்துவம் என்ற முறையில் இது அழகான கட்டடம். பஞ்சபூதங்களையும் ஐம்புலன்களையும் ஒரே சரட்டில் கோக்கிறது. விண்டுரைக்க முடியாத ஒன்றைத் தறியில் நூல் ஓட்டுவது போலப் படிப்படியாகச் சொல்கிறது. என் ஆட்சேபம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் 'காந்தம்'.

காந்தம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செய்தித்தாளில் அடிபட்ட சொல். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், பிறகு மலையும் நீரும் காடும் என்னவாகும் என்ற எதிர்ப்பு வளர்ந்ததும், 2022-இல் தமிழக அரசு இதை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததும் நீங்கள் அறிந்தவை. அதன் நன்மை தீமை இங்கே பேசுபொருள் அன்று. அத்திட்டத்தில் ஏறக்குறைய 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கி, சுற்றிலும் கம்பிச்சுருள் ஓட்டிக் காந்தமாக்குவதாக இருந்தது. எதற்கு? நியூட்ரினோ மோதும்போது தோன்றும் மியூவான் என்னும் மின்னூட்டத் துகளின் பாதையைக் காந்தப்புலம் வளைக்கும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து நேர்மின்னா எதிர்மின்னா என்றும், எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து அதன் உந்தம் எவ்வளவு என்றும் கணக்கிடலாம். விஞ்ஞானத்தில் 'காந்தம்' என்றால் இதுதான்: எதை வளைக்கும், எவ்வளவு வளைக்கும் என்று முன்கூட்டியே சொல்லவல்ல ஓர் அளவு.

சரி, மனித உடலில் காந்தப்புலம் இல்லையா? இருக்கிறது! இதயம் துடிக்கும்போது மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருந்தாக வேண்டும். 1963-இல் பால், மக்ஃபீ என்னும் இரு அமெரிக்கர்கள் இதை முதன்முதலாகப் பிடித்துக் காட்டினார்கள். அதற்காக அவர்கள் பயன்படுத்திய சுருள்கள் ஒவ்வொன்றிலும் இருபது லட்சம் சுற்றுக்கள்! பிறகு 1970-ஐ ஒட்டி டேவிட் கோகன் என்பவர், காந்தக் கவசம் பொருத்திய அறைக்குள், மீக்கடத்தியால் ஆன உணர்கருவியைக் கொண்டு தெளிவாக அளந்தார். மார்பின் அருகே அதன் உச்ச அளவு, ஒரு டெஸ்லாவை ஒரு லட்சம் கோடியால் வகுத்துக் கிடைக்கும் பங்கில் 50 முதல் 100 வரை. புரியும்படி சொல்வதானால், தென் தமிழகத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா; இதயத்தின் புலம் அதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் புலமோ இதயத்தினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் சிறியது.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். இதயத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் இருந்த புலம் ஒரு மீட்டர் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஒருவர் எதிரே அமர்ந்து இன்னொருவருக்குத் தம் காந்தத்தைச் செலுத்துகிறார் என்றால், தெருவில் போகும் ஆட்டோ ரிக்ஷாவின் இரும்பு அதைவிடப் பன்மடங்கு காந்த மாறுதலை அந்த அறைக்குள் உண்டாக்கிவிடும். (கோகன் கவச அறைக்குள் போய் உட்கார்ந்ததற்குக் காரணமே இதுதான்.)

"ஐயா, நாங்கள் சொல்வது அந்தக் காந்தம் அல்ல" என்று பதில் வரும். பலமுறை வந்திருக்கிறது. அந்தப் பதிலை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அப்படியானால் அது திசைகாட்டியை அசைக்காத காந்தம், டெஸ்லாவில் அளக்கப்படாத காந்தம், உவமை. உவமையைக் கவிஞன் பயன்படுத்தலாம், ஞானியும் பயன்படுத்தலாம். தேர்வுத் தாளில் மட்டும் 'வான்காந்தத்தின் தன்மாற்றங்களை விளக்குக' என்று கேட்டு, விடைக்கு மதிப்பெண் போட்டு, கடைசியில் விஞ்ஞான முதுகலைப் பட்டம் கொடுக்கக் கூடாது. இயற்பியலிலிருந்து சொல்லைக் கடன் வாங்கும்போது சொல்லோடு அதன் மதிப்பும் சேர்ந்தே வருகிறது. கடன் கொடுத்தவன் 'அளந்து காட்டு' என்று வட்டி கேட்டால், 'அது வேறு காந்தம்' என்பது நியாயமான பதிலாகாது. மகரிஷி தாம் கண்டதைத் தம் சொல்லில் சொன்னார்; அது அவருடைய உரிமை. அதைப் பாடத்திட்டமாக ஏற்கும்போது இயற்பியல் துறையைக் கலந்து பேசியிருக்க வேண்டியது பல்கலைக்கழகங்களின் கடமை.

இதே குழப்பம் முன்பும் நேர்ந்ததுண்டு. 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தைப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானப் பாடமாகக் கற்பிக்க முன்வந்தபோது, உயிரியல் அறிஞர் பி. எம். பார்கவா முதலியோர் நீதிமன்றம் சென்றார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. கல்வி நிபுணர் குழு எடுத்த முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பது அதன் போக்கு. ஆகவே எது விஞ்ஞானம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் இல்லை. அது ஆசிரியரிடமும், மாணவரிடமும், கட்டணம் கட்டும் பெற்றோரிடமும்தான் வந்து நிற்கிறது.

அளந்தவர்களும் இருக்கிறார்கள்

யோகத்தை விஞ்ஞானமாகக் கற்க முடியாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நேர்மாறாக, அப்படிக் கற்றவர்களின் வரலாறு நம் நாட்டில் நூறாண்டுப் பழமை உடையது. வருத்தம் என்னவென்றால், இந்த வரலாறு அதற்குரிய இடத்தைப் பெறவில்லை.

1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாம ஆசிரமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு 'யோக மீமாம்சா' என்னும் ஆராய்ச்சி இதழையும் தொடங்கினார். நௌலி என்னும் வயிற்றுத் தசைப் பயிற்சியின்போது குடலுக்குள் நீர் மேலேறுகிறதே, ஏன்? பிராணனை இழுத்துக் காட்டும் சித்து என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. ரப்பர்க் குழாயையும் அழுத்தமானியையும் கொண்டு அளந்து, உள்ளே வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாவதைக் காட்டினார். நீரை மேலே தள்ளியது வளிமண்டலமே! ஒன்பதாம் வகுப்பு மாணவன் உறிஞ்சு குழாயில் இளநீர் குடிப்பதற்குச் சொல்லும் அதே விளக்கம். அந்த வெற்றிடத்துக்கு அவர் தம் குருவான மாதவதாசரின் பெயரையே சூட்டினார். குருபக்திக்கும் அழுத்தமானிக்கும் சண்டை வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் சுவையான கதை ஒன்றுண்டு. யோகிகள் விரும்பும்போது இதயத்தை நிறுத்த வல்லவர்கள் என்பது பழைய நம்பிக்கை. 1935-இல் தெரேஸ் பிராஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார், தூக்கிச் செல்லத்தக்க இதய மின்பதிவுக் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். இதயத் துடிப்பின் குறிகள் மிகவும் சிறுத்துப் போன பதிவு ஒன்றைக் கண்டு வியந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் வெங்கர், பக்சி என்னும் இருவர் அமெரிக்காவிலிருந்து வந்து, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த் என்பாரோடு சேர்ந்து மறுபடியும் அளந்தார்கள். சென்னையில் வாழ்ந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர்கள் சந்தித்துப் பரிசோதித்தவர்களுள் ஒருவர். 1961-இல் வெளியான முடிவு இது: மூச்சை அடக்கி, மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது மார்புக் கூட்டுக்குள் அழுத்தம் உயர்கிறது, சிரைகளின் வழியாக இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, எனவே இதயம் வெளித்தள்ளும் இரத்தமும் குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. தசை முறுகும் ஓசையில் இதய ஒலியும் கேளாது. மின்பதிவிலோ இதயம் துடித்துக் கொண்டே இருக்கிறது!

யோகி பொய் சொன்னாரா? இல்லை. அவர் செய்தது உண்மையிலேயே கடினமான உடற்கட்டுப்பாடு. 'நாடி நின்றது' என்பது சரி. 'இதயம் நின்றது' என்பது தவறு. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் விஞ்ஞானம். மூன்று மணி நேரச் சொற்பொழிவைவிட இந்த ஒரு பரிசோதனையை வகுப்பில் நடத்திக் காட்டுவது மேல்.

அதே 1961-இல் ஆனந்தும் அவருடைய சகாக்களும் நான்கு யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். கண்ணை மூடி ஓய்ந்திருக்கும் மனிதனிடம் ஆல்பா என்னும் அலை தோன்றும். திடீரென்று ஒளியோ ஒலியோ தாக்கினால் அது கலையும். தியானத்தில் இருந்த யோகிகளிடம் அது கலையவில்லை. வேறு இருவர் 4 டிகிரி குளிர்நீரில் 45 நிமிடத்துக்கும் மேலாகக் கையை வைத்திருந்தபோதும் அந்த அலை தொடர்ந்தது. இங்கே மேலதிகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கப்படவில்லை. 'ஆகவே யோகி பிரபஞ்சத்தோடு ஒன்றினார்' என்ற முடிவுரை இல்லை. நான்கு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

பகடைக்காய் பரிசோதனை

முதுகலை மாணவர் இறுதியில் ஆய்வேடு எழுத வேண்டும். இத்துறையில் அடிக்கடி காணப்படும் ஆய்வேட்டின் அமைப்பு இது: முப்பது பேரைத் திரட்டுவது, மன இறுக்கம் பற்றி வினாத்தாள் கொடுப்பது, ஆறு வாரம் பயிற்சி, மீண்டும் அதே வினாத்தாள், மதிப்பெண் குறைந்தது, ஆகவே பயிற்சி பயன் தருகிறது. பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. எங்கே ஓட்டை?

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். முப்பது நண்பர்களை ஆளுக்கு இரண்டு தாயக் கட்டை, அதாவது ஒன்று முதல் ஆறு வரை புள்ளியிட்ட கட்டைகள், உருட்டச் சொல்லுங்கள். மிகக் குறைந்த எண் விழுந்த ஆறு பேரைத் தனியே பிரியுங்கள். அவர்களுடைய சராசரி மூன்று அல்லது நான்கு என இருக்கும். அவர்களுக்கு மட்டும் சூடாக ஏலக்காய்த் தேநீர் கொடுத்து மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். சராசரி ஏழை ஒட்டி உயர்ந்துவிடும்! போடி ஏலக்காயின் மகிமை என்று ஆய்வேடு எழுதிவிடலாம். உண்மையில் தேநீருக்கு இதில் பங்கே இல்லை. இரண்டு கட்டைகளின் இயல்பான சராசரி ஏழு. மிகத் தாழ்ந்தவர்களைப் பொறுக்கி எடுத்தால், அடுத்த முறை அவர்கள் ஏழை நோக்கி ஏறத்தான் செய்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் கண்டு சொன்ன உண்மை இது.

மனிதர்கள் தியான வகுப்புக்கு எப்பொழுது போகிறார்கள்? கவலை உச்சத்தில் இருக்கும்போது. கடன்காரன் வந்து போன வாரம், பரீட்சையில் தோற்ற மாதம், ஏலக்காய் விலை சரிந்த பருவம். ஆறு வாரத்தில் கவலை ஓரளவு தானாகவே இறங்கும். அதோடு, பாசத்தோடு விசாரிக்கும் ஆசிரியர், பக்கத்தில் அமரும் தோழர்கள், செலவிட்ட பணத்துக்குப் பயன் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் ஆகியவையும் வினாத்தாளில் போய்ச் சேருகின்றன. இவற்றையெல்லாம் கழிக்க ஒரே வழி, பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் அதே காலத்தில் அளப்பதுதான். போடி ஏலமண்டியில் ஒரு வியாபாரி, சரக்கின் மாதிரியைக் கையில் வாங்கி, 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிறதா, லிட்டர் எடை எவ்வளவு என்று பார்க்காமல் விலை கேட்பதில்லை. ஏலக்காய்க்கு உள்ள இந்த மரியாதை மனித மனத்துக்கும் வேண்டாமா?

ஒப்பீட்டுக் குழுவோடு செய்தால் என்னவாகும் என்பதற்கும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1985-இல் நாகரத்னா, நாகேந்திரா இருவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், யோகம் பயின்ற ஆஸ்துமா நோயாளிகள் 53 பேரை, வயது, பால், நோயின் கடுமை ஆகியவற்றில் ஒத்த வேறு 53 பேரோடு ஒப்பிட்டார்கள். வாரத்துக்கு எத்தனை இழுப்பு, எவ்வளவு மருந்து, ஊதும் காற்றின் உச்ச வேகம் எவ்வளவு என்று எண்ணினார்கள். பயின்றவர்கள் நன்றாகவே தேறினார்கள். பின்னர் 2016-இல், இத்தகைய 15 ஆய்வுகளை (மொத்தம் 1,048 பேர்) ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, வாழ்க்கை நலமும் நோய்க்குறிகளும் ஓரளவு சீர்படுகின்றன, நுரையீரலின் திறன் கூடுவது உறுதிப்படவில்லை என்ற நிதானமான முடிவு கிடைத்தது.

தியானமும் அப்படியே. 1970-இல் தியானத்தின்போது உயிர்வாயுத் தேவை குறைகிறது என்று வாலஸ் என்பவர் எழுதியது உலகெங்கும் முழங்கியது. 1984-இல் ஹோம்ஸ் என்னும் உளவியலார், அத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சும்மா கண்ணை மூடி ஓய்வெடுப்பவர்களோடு ஒப்பிட்டால் தனி வேறுபாடு தெரியவில்லை என்றார். 2014-இல் 47 ஆய்வுகளை (3,515 பேர்) பரிசீலித்தவர்கள், தியானப் பயிற்சி பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் மிதமான அளவில் குறைக்கிறது, ஆனால் உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றார்கள். மிதமான நன்மை என்பது சிறிய விஷயமன்று. செலவில்லாமல் கிடைக்கும் நன்மை அது. 'சர்வரோக நிவாரணி' என்ற விளம்பரத்துக்கு மட்டும் அது போதாது.

பட்டம் எதற்குத் தகுதி தரும்?

மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி இது. 2017 முதல் யோகத்தில் தேசியத் தகுதித் தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறினால் கல்லூரியில் யோகம் கற்பிக்கலாம். பள்ளிகளிலும் மன்றங்களிலும் பயிற்சியாளராகலாம். இவை நேர்மையான பிழைப்பு. மனநோய்க்குச் சிகிச்சை தருவது வேறு. அதற்கு மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அல்லது இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற மருத்துவ உளவியல் பட்டமும் பதிவும் வேண்டும். 2017-இன் மனநலச் சட்டமும் இவர்களைப் பெயரிட்டே வரையறுக்கிறது. 'ஆன்மிகம், உளவியல், ஆளுமை வளர்ச்சி' என்று தலைப்பில் உளவியல் என்ற சொல் இருப்பதாலேயே ஒருவர் உளவியல் சிகிச்சையாளர் ஆகிவிடமாட்டார். சேரும்போது இதைத் தெளிவாகச் சொல்லாத நிறுவனம் எதுவானாலும், மாணவரை ஏமாற்றுகிறது என்றே கூறுவேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகவும், பல நோய்களில் எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை என்றும் கண்டார்கள். மலையடிவாரக் கிராமத்தில் மகள் தூங்காமல், உண்ணாமல், யாரோ பேசுவதாகச் சொல்லிக்கொண்டு இருந்தால், தாய் முதலில் யாரிடம் போவாள்? பக்கத்துத் தெருவில் பெயர்ப்பலகையில் எம்.எஸ்ஸி. என்று போட்டிருப்பவரிடம். அவர் "சீவகாந்தம் குறைந்துவிட்டது, தவம் செய்தால் சரியாகும்" என்று மூன்று மாதம் நிறுத்திவைத்தால், அந்த மூன்று மாதம் திரும்பி வராது. நெடுநேரத் தியானம் எல்லோருக்கும் தீங்கற்றது என்பதும் சரியன்று. 2020-இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயின்றவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேரிடம் பதற்றம், சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் பதிவாகியிருப்பதைக் கண்டார்கள். நல்ல பாடத்திட்டம் என்றால் 'இவரை நான் ஏற்கக் கூடாது, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்' என்று கண்டறியவும் கற்றுத் தர வேண்டும். 14416 என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணையாவது மாணவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

மகரிஷியின் பாடத்தில் விஞ்ஞானத்துக்கு மிக நெருங்கிய பகுதி, வான்காந்தம் அன்று, அகத்தாய்வுதான். விந்தை என்னவென்றால், அங்கே ஒரு காந்தமும் தேவைப்படவில்லை! ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அவர் வகுத்த பயிற்சிகள், தாளும் பென்சிலும் கொண்டு செய்யத்தக்கவை. கவலைகளை எழுதச் சொல்கிறார். பிறகு அவற்றை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மகளுக்குக் கால் ஊனம் என்பது முதல் வகை. அடுத்த ஆண்டுத் திருமணச் செலவு இரண்டாவது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்பிக்கொண்டது மூன்றாவது. மின்கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்பது நான்காவது. (உதாரணங்கள் என்னுடையவை.) 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் எல்லிஸும் பெக்கும் எண்ணங்களைத் தாளில் எழுதி ஆராயும் சிகிச்சை முறைகளை வளர்த்தார்கள், இன்று மனச்சோர்வுக்கு மிகுதியாகச் சோதிக்கப்பட்ட உளவியல் சிகிச்சை அவ்வழியில் வந்ததுதான். தமிழ்நாட்டில் ஒரு நெசவாளர் அதற்கு அண்டையில் வந்து நின்றிருக்கிறார். அப்பயிற்சி அதே அளவு பயன் தருமா என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வி. 'தெரியும்' என்று மன்றத்தில் சொல்லலாம். ஆய்வேட்டில் சொல்ல முடியாது.

எங்கள் பகுதியிலிருந்து இப்படிப்பில் சேரும் மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியையே ஆய்வேடாக எடுத்துக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் தொண்ணூறு பேர், அவர்களுடைய சம்மதத்தோடு. மூன்று நிறச் சீட்டுக்களைப் பானையில் போட்டு எடுத்து, முப்பது முப்பதாகப் பிரிப்பது. ஒரு குழு வாரம் ஒருமுறை கவலைகளை எழுதி நான்காகப் பிரிக்கட்டும். எழுதத் தெரியாதவருக்கு மாணவர் எழுதித் தரலாம். இன்னொரு குழு அதே நேரம், அதே திண்ணையில் அமர்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கட்டும். மூன்றாவது குழு வழக்கம்போல வீட்டில் இருக்கட்டும். ஆய்வு முடிந்தபின் அவர்களுக்கும் பயிற்சி தந்துவிடலாம். எட்டு வாரம். மன இறுக்கத்தை அளக்க 1983-இல் வெளிவந்த கோகன் அளவுகோல் (இவர் வேறு கோகன், ஷெல்டன் கோகன்) எளிய கேள்விகளால் ஆனது. முன்னும் பின்னும், மூன்று மாதம் கழித்தும் அதைக் கேட்க வேண்டும். திண்ணைப் பேச்சும் தாள் பயிற்சியும் ஒரே பலனைத் தந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். விடைத்தாள்களைக் கூட்டிப் போடுகிறவருக்கு மட்டும், எது எந்தக் குழுவின் தாள் என்று தெரியக் கூடாது.